அம்மாவின் எண்பதுக்கு வாசலில் ஒரு டெண்ட் கொட்டாய்

எண்பதாவது பிறந்தநாள் என்றதும் பிள்ளைகளின் முதல் கேள்வி "என்ன தீம்?" என்பதுதான். அலங்காரக்காரர்களிடம் போனால் பலூன் வளைவு, தங்க நிறத்தில் எண்கள், சிவப்புக் கம்பளம் என்று ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற பொருள் ஒன்றுகூட அதில் இருக்காது. அவர் விழாவுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

சேலத்தைச் சுற்றி வளர்ந்து இன்று எண்பதைத் தொடும் பெண்களுக்குப் பெரும்பாலும் பொருந்திவருவது டெண்ட் கொட்டாய், அதாவது கூடாரம் போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ். 1945-ல் பிறந்தவர் என்றால் பன்னிரண்டு வயது முதல் இருபத்தைந்து வரை என்பது 1957 முதல் 1970 வரை. பாட்டும் முகமும் மனதில் ஒட்டிக்கொள்கிற வயது அது. ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் அப்போது மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. படம் பார்த்தவர்கள் மட்டுமில்லாமல், படம் எடுப்பவர்களை ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இந்த ஊரில் உண்டு.

ஆனாலும் நேரடியாக முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு வாரம் பேச்சுவாக்கில் விசாரியுங்கள்: எந்தக் கொட்டாய்க்குப் போனீர்கள், யார் கூட்டிப்போனார்கள், டிக்கெட் எவ்வளவு, இடைவேளையில் என்ன தின்றீர்கள். இரண்டு வரிக்கு மேல் பேச்சு நீண்டால் தீம் கிடைத்துவிட்டது. "எங்கப்பா சினிமாவுக்கே விடமாட்டாரு" என்று முடித்துவிட்டால் வேறு யோசியுங்கள். மாங்காய்ச் சீசன், பள்ளிக்கூடம், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா என்று இருக்கிறது. அம்மாபேட்டையில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்தவருக்குத் தறியை அலங்காரமாக வைப்பதாக இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். உழைத்துத் தேய்ந்த பொருளை மேடையில் பார்க்கச் சிலருக்குப் பெருமை, சிலருக்கு அலுப்பு.

நாளும் இடமும்

இந்த வயதுக்காரர்களின் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி பல நேரம் பள்ளியில் சேர்க்கும்போது யாரோ எழுதியதாக இருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தது நட்சத்திரம்தான். நட்சத்திரம் வரும் நாளில் காலையில் கோயில் அர்ச்சனை, அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மாலை விழா என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிம்மதியாக நடக்கும். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் மாலைக்குள் அவர் களைத்துவிடுவார்.

அப்பா இல்லாத வீடு என்றால் இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆரத்தி, பூ, பட்டு, குங்குமம் இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பூவை நீட்ட, இன்னொருவர் தடுக்க, அவர் சங்கடப்பட்டு நிற்கிற காட்சி பல வீடுகளில் நடக்கிறது. அவர் "வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டால், அதற்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடிய உறவினருக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாதத்தில் மார்கழியும் தையும் சிறந்தவை. மாலை ஆறரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும், படம் சீக்கிரம் தொடங்கலாம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பந்தல்காரரும் மைக் செட்காரரும் சுலபமாகக் கிடைப்பார்கள். மல்லிகை மட்டும் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறும், வ.உ.சி. பூ மார்க்கெட்டில் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வாங்கிச் சமாளிக்கலாம். சித்திரை, வைகாசியில் இருட்ட ஏழு மணி ஆகும், சேலத்து மொட்டை மாடித் தளம் அதுவரை கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். திறந்த வெளியை நம்பக் கூடாது.

அம்மா தினமும் ஏறி இறங்கும் மாடி என்றால் மாடி. இல்லையென்றால் வாசல், போர்ட்டிகோ, பக்கத்துக் காலி மனை. நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் விட்டுவிடுங்கள். தூக்குகிறவர்களுக்கும் ஆபத்து, தூக்கப்படுகிறவருக்கு அதில் மரியாதையும் இல்லை.

நோட்டீஸ்

அழைப்பிதழைப் பழைய பிட் நோட்டீஸாக அடியுங்கள். ரோஸ், மஞ்சள், பச்சை நிற மெல்லிய தாளில் கறுப்பு அல்லது நீல ஒற்றை மை. பளபளப்புத் தாள் வேண்டாம், பல வண்ண அச்சும் வேண்டாம். வாசகம் இப்படி இருக்கலாம்: "வருகிறது! வருகிறது! ஞாயிறு ஒரே ஒரு காட்சி மட்டும்! எண்பது ஆண்டுகளாக வெற்றிநடை போடும் குடும்பச் சித்திரம்! பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு. இடைவேளையில் தட்டுவடை செட்." (இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துப் பலகாரம் அது.)

பின்பக்கத்தில் அம்மாவின் கதையைப் பத்து வரியில் எழுதுங்கள். பிறந்த ஊர், பள்ளி, கல்யாணம், குடிவந்த வீடு என்று போய் சுவாரசியமான இடத்தில் நிறுத்தி, பழைய பாட்டுப் புத்தகங்களில் வருவதுபோல "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவின் தம்பி, தங்கை யாராவது ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த கதையில் ஊர்ப் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். நூறு நோட்டீஸ் போதும். இருபதைத் தனியே எடுத்து வையுங்கள், விழா முடிந்ததும் கேட்பார்கள்.

விழாவைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் சொல்லாமல் திடீரென்று விளக்கைப் போட்டு எல்லோரும் கத்துவது இந்த வயதில் வேண்டாத வேலை. ரத்த அழுத்தம் ஒருபக்கம். பழைய சேலையில், பல்செட் போடாமல், தலை வாராமல் இருக்கும்போது ஐம்பது பேர் முன்னால் நிறுத்தப்படுவது அவருக்கு அவமானமாகப் படும் என்பது இன்னொரு பக்கம். விழா உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, திரையில் என்ன ஓடும் என்பதை மட்டும் ரகசியமாக வையுங்கள்.

கொட்டாய் கட்டுவது

வாசலில் எட்டடி அகலம், ஒன்பதடி உயரத்தில் ஒரு முகப்பு போதும். ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் போட்டோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினால், பிளைவுட்டில் அதே சாயலில் அடித்துத் தருவார்கள். ஸ்டுடியோ பெயருக்குப் பதில் அம்மாவின் பெயர். இருபுறமும் சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று. ஓலை முழுக்க வேய வேண்டாம், முகப்பிலும் டிக்கெட் கவுண்டரிலும் இருந்தால் போதும். காய்ந்த ஓலைக்குப் பக்கத்தில் பழைய குண்டு பல்பு, அகல் விளக்கு, மத்தாப்பு எதுவும் கூடாது. எல்.இ.டி. சீரியல் விளக்கு மட்டும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டெண்ட் கொட்டாய் என்றாலே தரையில் மணல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த ஆசையில் மணல் கொட்டாதீர்கள். டைல்ஸ் தரையில் மணல் சறுக்கும், ஊன்றுகோல் நிற்காது, மாடி என்றால் மழைநீர்க் குழாயும் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்குத் "தரை டிக்கெட்" என்று பவானி ஜமுக்காளம் விரியுங்கள். அதன் ஓரம் அம்மா நடக்கும் வழிக்குள் வரக்கூடாது. அவர் நாற்காலியிலிருந்து கழிப்பறை வரை மூன்றடி அகலத்துக்கு வழி காலியாக இருக்க வேண்டும். ஒயர் குறுக்கே போகக்கூடாது. படம் ஓடி இருட்டாக இருக்கும்போதும் அந்த வழியில் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

திரையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். அதனால் திரை எட்டடி அகலம், ஆறடி உயரம். இன்று வாடகைக்குக் கிடைக்கும் புரொஜெக்டர் பதினாறுக்கு ஒன்பது அளவில் படம் போடும், நடுவில் உங்கள் படம், இருபுறமும் கறுப்புப் பட்டை. எட்டடி அகலத்தை மனதில் வைத்து அதை நிறுத்தினால் படம் நாலரை அடி உயரம்தான் வரும், திரையில் பாதி வீண். ஆறடி உயரம் நிரம்ப வேண்டுமென்றால் மொத்த ஒளி பத்தே முக்கால் அடி அகலத்துக்கு விழ வேண்டும். சாதாரண புரொஜெக்டருக்கு அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தேவை. ஆக, திரையிலிருந்து சுமார் பதினாறு அடி. இந்த இடம் இல்லாவிட்டால் திரையைச் சிறிதாக்குங்கள். வெளிச்சம் 3000 லூமென் இருந்தால் போதும்.

துணிக்கு 63 அங்குல அகல வெள்ளைக் காடா ஐந்தரை மீட்டர் வாங்கி இரண்டாக வெட்டிக் குறுக்காக மூட்டினால், தையல் கீழிருந்து முக்கால் அடி உயரத்தில் விழும். முகங்கள் அங்கே வராது. ஓரத்தில் நான்கு அங்குலக் கறுப்புப் பட்டை தைத்தால் படம் எடுப்பாகத் தெரியும். பின்னால் கறுப்புத் துணி ஒன்று கட்டாவிட்டால் தெருவிளக்கு ஊடுருவிப் படம் வெளிறிவிடும். அடிக்கு ஒரு வளையம் போட்டுச் சவுக்குச் சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டினால் காற்றில் முகங்கள் ஆடும்.

கரண்ட் போகும். மின்வாரியப் பராமரிப்பு நிறுத்தம் அன்றைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். பாட்டையெல்லாம் முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நேரடியாக இணையத்தில் ஓட்டினால் நெகிழ்ச்சியான இடத்தில் சோப்பு விளம்பரம் வரும்.

காதும் கண்ணும்

கூம்பு ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும், ஆனால் அலங்காரத்துக்கு. மாலை ஐந்து மணிக்கு அதில் ஒரு பக்திப் பாட்டு மட்டும் போடுங்கள். கொட்டாயில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியாயிற்று என்று ஊருக்குத் தெரிவித்தது அந்தப் பாட்டுதான். படம் தொடங்கியதும் அதை அணைத்துவிட வேண்டும். வயதான காதுக்குச் சத்தம் போதாது என்பதைவிட, பேச்சு தெளியவில்லை என்பதே குறை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். அம்மாவுக்கு நான்கைந்து அடி தூரத்தில், காது உயரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தனியாக வையுங்கள். மற்றவை மெதுவாகப் பாடட்டும். காது மெஷின் வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்தால் அது கீச்சிடும் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பேட்டரி புதிதாக மாற்றுங்கள்.

திரையில் எழுத்து என்றால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள். நீலமும் ஊதாவும் கண்புரை உள்ளவருக்குக் கலங்கித் தெரியும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

என்ன ஓட்டுவது

ஒரே புரொஜெக்டர் வைத்திருந்த கொட்டாய்களில் ரீல் மாற்றுவதற்காக இடைவேளை மேல் இடைவேளை விடுவார்கள். அதே முறை இங்கே அம்மாவின் முதுகுக்கும் சிறுநீர்ப்பைக்கும் சரியாகப் பொருந்தும். மூன்று "ரீல்", நடுவில் இரண்டு இடைவேளை, எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

முதல் ரீல், செய்திச் சுருள். அப்போதெல்லாம் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷனின் இந்தியன் நியூஸ் ரிவ்யூ ஓடும். அந்த ஏற்ற இறக்கக் குரலில் வீட்டிலேயே ஒருவர் வர்ணனை படிக்க, குடும்பப் போட்டோக்கள் ஓடட்டும். நாற்பது போட்டோ, ஒன்றுக்கு ஏழு நொடி, மொத்தம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று நொடியில் மாற்றினால் முகத்தைத் தேடி முடிப்பதற்குள் போய்விடும். பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுத்தால் போதும். ஒவ்வொன்றிலும் பெயரும் ஊரும் போடுங்கள்.

மறைந்தவர்களின் படங்களை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. ஆனால் அவற்றைக் கடைசியில் சேர்த்து வைத்தால் விழா அழுகையில் நின்றுவிடும். நடுப்பகுதியில், வயது வரிசையிலேயே வரட்டும். அதற்குப் பின்னால் பேரக்குழந்தைகளின் குறும்பு வந்தால் மனசு தானாகத் திரும்பிவிடும்.

இரண்டாம் ரீலுக்கு நான்கு பாட்டு. பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டுப் பட்டியலை எடுக்காதீர்கள். சமையலறையில் அவர் தானாக முணுமுணுப்பது எது என்று கவனியுங்கள். மூன்றாவதில், வரமுடியாதவர்களின் வாழ்த்து. ஆளுக்கு இருபது நொடி, பதினைந்து பேர். போனைப் படுக்கவைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிமிர்த்தி எடுத்தால் திரையில் ஒல்லிக் கீற்றாகத் தெரிவார்கள். பேசும்போது முதலில் பெயரையும் உறவையும் சொல்ல வேண்டும்.

ஞாபகமறதி தொடங்கியிருக்கும் அம்மா என்றால், வருகிற எல்லோரும் சட்டையில் பெரிய எழுத்தில் பெயரும் உறவும் எழுதிக் குத்திக்கொள்ளட்டும், டிக்கெட் மாதிரியே. "நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று யாரும் பரீட்சை வைக்கக்கூடாது.

உட்காருமிடமும் உடுப்பும்

கல்யாண மண்டபத்து ராஜா சோபா தாழ்வாக இருக்கும், உள்ளே அமுங்கும், எழ முடியாது. கைப்பிடி உள்ள மர நாற்காலி, பதினெட்டு அங்குல உயரம், பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கையூன்றி எழும்போது வளையும். சேலை கனமான பட்டாக வேண்டாம். இளம்பிள்ளையில் மெல்லிய ரகங்கள் நிறையக் கிடைக்கும். ஜாக்கெட்டை இப்போதைய அளவுக்குத் தைத்து, தோள் தூக்க முடியாதவருக்குக் கை ஒரு அங்குலம் தளர்வாக விடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு அன்று முழுக்க ஒரே வேலை: அம்மா கூட இருப்பது. அவர் பரிமாறக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. அவர் பையில் மாத்திரை, தண்ணீர், சால்வை, மாற்றுக் கண்ணாடி, பல்செட் டப்பா, மாற்றுப் பாவாடை. ஒரு கார் மறிக்கப்படாமல் வெளியே போக வசதியாக நிற்கட்டும்.

இடைவேளைப் பலகாரம்

முதலில் கழிப்பறை, பிறகு பலகாரம். இந்த வரிசை மாறினால் கூட்டம் வழியை அடைத்துக்கொள்ளும்.

ஐம்பது பேருக்கு ஆளுக்கு மூன்று செட் என்றால் 150 செட், அதாவது 300 சிறிய தட்டுவடை. உடைசலுக்கு முப்பது கூடுதல். கேரட் ஒன்றரை கிலோ, பீட்ரூட் ஒரு கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ. காரச் சட்னியும் புதினாச் சட்னியும் முக்கால் லிட்டர் வீதம். துருவிய பீட்ரூட்டைத் தனியாக வையுங்கள், கேரட்டோடு கலந்தால் எல்லாம் சிவந்துவிடும். சட்னி தடவி ஐந்து நிமிடத்தில் தட்டுவடை நமத்துவிடும் என்பதால் கேட்கக் கேட்கப் போட்டுத் தர ஒரு ஆள் வேண்டும். முன்கூட்டியே அடுக்கி வைக்கும் கேட்டரிங்காரரிடம் இதை ஒப்படைக்காதீர்கள்.

அம்மாவுக்கு அந்த நமுத்தலே வசதி. நொறுக்கலாகப் போட்டு, காய்கறியும் சட்னியும் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் பல்செட்டுக்கு இதமாக இருக்கும். மடியில் ஒரு துண்டு விரியுங்கள், பீட்ரூட் கறை சேலையை விட்டுப் போகாது. கூடவே கடலை மிட்டாய், முறுக்கு, பன்னீர் சோடா. இரவுச் சாப்பாட்டை அவர் மாத்திரை அல்லது இன்சுலின் நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். ஏழரைக்கு ஊசி என்றால் இலை எட்டுக்குள் விழ வேண்டும். இடியாப்பம், தேங்காய்ப்பால், இட்லி, ரசம் சாதம்.

கேக் வேண்டுமென்றால் இருக்கட்டும். விளக்கை ஊதி அணைப்பது பல அம்மாக்களுக்கு மனசு ஒப்பாது. குத்துவிளக்கின் ஐந்து முகத்தை ஏற்றச் சொல்லுங்கள். கேக்கை ஐம்பது பேரும் வரிசையாக வாயில் திணிப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள். சர்க்கரையும் ஏறும், புரையும் ஏறும். ஊட்டுவது ஒருவர், அதுவும் ஒரு விள்ளல்.

காலில் விழுந்து ஆசி வாங்குவது தனித்தனியாக நடந்தால் அரைமணி நேரம் ஆகும், ஒவ்வொருவரையும் தூக்கிவிடக் குனிந்து அவர் இடுப்பு போய்விடும். குடும்பம் குடும்பமாக வரட்டும், அதே நேரத்தில் போட்டோவும் முடிந்துவிடும். பக்கத்தில் அட்சதைத் தட்டு, கூடவே மஞ்சள் தடவிய கவரில் பத்து ரூபாய் புது நோட்டுகள் அறுபது. வாங்கிக்கொண்டே இருப்பதைவிட எடுத்துக் கொடுப்பதில்தான் அவர் முகம் மலரும்.

ஏற்காட்டில் வைப்பதானால்

வெயில் காலத்தில் யாராவது இந்த யோசனையைக் கொண்டுவருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், மேலே 1500 மீட்டர் உயரம். அன்றே ஏறி அன்றே இறங்குவதாக இருந்தால் வேண்டாம். முதல் நாளே கூட்டிப்போய், முன் சீட்டில் உட்காரவைத்து, வயிறு முட்டவும் காலியாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நெரிசலில் வண்டி நகராது. அறை எடுக்கும் முன் படிகள் எத்தனை, கழிப்பறை எந்த வகை என்று நேரில் பாருங்கள். மலைச் சரிவில் கட்டிய விடுதிகளில் சாப்பாட்டுக்கூடம் இருபது படி கீழே இருக்கும். திரையை வெளியே கட்டாதீர்கள். மூடுபனியில் ஒளிக்கற்றை சிதறும், லென்ஸில் பனி படியும். கூடத்துக்குள் ஜன்னலை மூடி மூன்று மணிக்கே தொடங்கினால், குளிர் ஏறும் முன் முடித்துவிடலாம்.

சேலத்திலோ மலையிலோ, ஒலிபெருக்கியை இரவு பத்துக்கு மேல் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. ஏழரைக்கே படத்தை முடித்துவிடுகிற விழாவுக்கு அது கவலையில்லை. ஓலையை மறுநாள் காலையிலேயே பந்தல்காரரை எடுத்துப்போகச் சொல்லுங்கள், காயக் காய ஆபத்து. மூன்று ரீலையும் ஒரே எம்.பி.4 கோப்பாகச் சேர்த்து, எஃப்.ஏ.டி. 32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் போட்டு அம்மாவின் டி.வி.யிலேயே சொருகிவிடுங்கள், பழைய டி.வி.க்கள் பலவும் மற்ற முறைகளைப் படிக்காது. கோப்பு நான்கு ஜி.பி.க்குள் இருக்க வேண்டும். ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வையுங்கள்.